வெள்ளைத்தாள் வஸிய்யத்

வாய்மொழி வஸிய்யத்தே செல்லும் என்று ஷரீஅத் கூறுகையில் வக்கீல் எதற்கு என்று வினவுவோர் நம்மவரில் பெருகிவிட்டனர். பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என எங்குச் சென்றாலும் இவ்வினா காதில் விழுகிறது. வினாவின் முற்பகுதி உண்மை, பிற்பகுதி பேதைமை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயிலுக்கு விதிக்கும் கையொப்பமும் இரு சாட்சிகளும் முஸ்லிம்களுக்குக் கட்டாயமல்லதான். எனினும் சொன்னவர் கபுரில் இருக்க, சொன்னதை மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழும்? மரண சாசனத்திற்கு நேர்மையாளர் இருவரைச் சாட்சியாக்குமாறு அருள்மறை (5:106) பணித்திருப்பது வீணுக்கன்று.

எழுதும் முறையைவிட எழுதப்படும் செய்தியே பெருங்கேட்டை விளைக்கிறது. சேலையூரில் ஒருவருக்கு ஒரே வீடு. மனைவி, இரு ஆண்மக்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். சொத்தை 40 பங்காக்கினால் மனைவிக்கு 5, ஆண்மக்களுக்குத் தலா 14, மகளுக்கு 7. அவரோ வெள்ளைத்தாளை எடுத்து, “வீடு முழுவதும் மூத்தவனுக்கே” என்று எழுதி மடித்து பீரோவில் வைக்கிறார். வாரிசுக்கு வஸிய்யத் இல்லை. அந்நியருக்கும் கடன் போக எஞ்சியதில் மூன்றில் ஒன்றுக்கு மேல் இல்லை. மற்ற வாரிசுகள் இசைந்தால் செல்லும். அவ்விசைவும் அவர் மௌத்தான பின்னர் தரப்பட வேண்டும். அவர் உயிரோடிருக்கையில் மகளிடம் வாங்கிய கையெழுத்து அவளைக் கட்டுப்படுத்தாது. மனைவியின் மஹர் நிலுவையிருப்பின் அதுவும் கடனே. பங்கீட்டுக்கு முன்னரே தீர்க்க வேண்டும். அதை நினைவில் வைத்து எழுதிய தாள் எத்தனை?

“ரிஜிஸ்தர் செய்துவிட்டோமே” என்பர் சிலர். உயிலைப் பதிவு செய்வது விருப்பத்தைப் பொறுத்தது, செய்வது நன்று. ஆனால் சார்பதிவாளர் எழுதியவர் இன்னார் என்று பார்ப்பாரேயன்றி, ஃபராயிள் கணக்கைத் திருத்தித் தரமாட்டார். செல்லாத வஸிய்யத் முத்திரை விழுந்ததால் செல்லுபடியாகிவிடாது.

இன்னொரு சாரார் ஹிபா என்று தலைப்பிட்டு, “என் ஆயுளுக்குப் பின் மகன் அடைய வேண்டியது” என்று முடிப்பர். தலைப்பு எதுவாயினும், இறப்புக்குப் பின் அடைவது வஸிய்யத்தே. ஹிபாவாயின் கொடுப்பதாகச் சொல்லுதல், ஏற்றல், அனுபோகத்தை ஒப்படைத்தல் மூன்றும் வேண்டும். ஆந்திரத்தில் 1968ல் ஒரு தந்தை மகனொருவருக்கு எழுதிய ஹிபாப் பத்திரம் பதிவு பெறவில்லை. அவ்வாண்டே அவர் மறைந்தார். மற்ற வாரிசுகள் வழக்கிட்டனர். கீழ்நீதிமன்றம் செல்லும் என்றது, உயர்நீதிமன்றம் செல்லாது என்றது, 2011ல் உச்சநீதிமன்றம் செல்லும் என்று முடித்தது. பதிவு கட்டாயமில்லை என்ற நம் வாதமே வென்றது. வெல்வதற்கு 43 ஆண்டுகள்!

வக்கீல்கள் எல்லாம் தெரிந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. மூன்றில் ஒன்று என்ற வரம்பையே அறியாமல், பிற சமயத்தாருக்கு எழுதும் படிவத்தில் பெயரை மாற்றித் தருவோரும் உண்டு. அவ்வாறே தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, சர்வே எண் ஆகியவை மதரஸாவில் ஓதித்தரப்படுவன அல்ல. ஆலிமும் வக்கீலும் ஒரே தாளைப் பார்த்தால் என்ன குறைந்துவிடும்? தாம்பரம் 2021ல் மாநகராட்சியாகிவிட்டது. அன்று முட்செடி மண்டிக்கிடந்த மனைக்கு இன்று அண்ணன் தம்பியர் முகம் திருப்பிக்கொள்கின்றனர். மனைக்குக் கொட்டுகிற பணத்தில் வக்கீலின் கட்டணம் எம்மாத்திரம்?

வஸிய்யத் எவருக்கு உயிர்நாடியோ அவரைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். தந்தையை இழந்த பேரன், பெரியப்பாவோ சித்தப்பாவோ உயிரோடிருக்கையில் பாட்டனார் சொத்தில் வாரிசாகான். எகிப்து 1946லும் பாகிஸ்தான் 1961லும் அத்தகைய பிள்ளைகளுக்குச் சட்டத்தால் வழி செய்தன. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இல்லை. பாட்டனார் எழுதினாலன்றி அவனுக்கு ஒன்றுமில்லை. வாரிசல்லாததால் மூன்றில் ஒன்றுவரை அவர் தாராளமாக எழுதலாம், எவருடைய இசைவும் வேண்டியதில்லை. ஆனால் சாட்சியின்றி, எல்லை குறிக்காமல் எழுதி வைத்தால், பெரியப்பா அந்தத் தாளை ஒருமுறை பார்த்துவிட்டு, “இது அத்தாவின் கையெழுத்தே இல்லை” என்று சொன்னால் போதும். அந்தப் பிள்ளையும் அவனுடைய தாயும் செங்கல்பட்டுக் கோர்ட்டு வாசலில் நிற்க வேண்டியதுதான்.