மைதானத்தில் எதைப் பார்க்கிறோம்?

2019 மே மாதம் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த், தான் ஒரு பெண்ணை நேசிப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அப்படிச் சொன்ன முதல் இந்திய விளையாட்டு வீரர் அவர்தான். ஊரை விட வீடுதான் உரக்க எதிர்த்தது. தாயும் மூத்த சகோதரியும் ஊடகங்களின் முன்னே கண்டித்தார்கள். இரண்டே மாதத்தில், நாப்போலியில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழாவில் 100 மீற்றரை 11.32 செக்கனில் ஓடித் தங்கம் வென்றார். அன்று வாழ்த்துகள் குவிந்தன. பதக்கம் இல்லாதவரின் கதி என்ன?

இங்கிலாந்தில் 1990இல் உதைபந்தாட்ட வீரர் ஜஸ்டின் ஃபஷானு தான் ஒருபாலீர்ப்பாளர் என்ற உண்மையைச் சொன்னபோது சொந்தத் தம்பியே அவரைக் கைவிட்டார். 2022இல் அதே நாட்டின் பதினேழு வயது வீரர் ஜேக் டேனியல்ஸ் சொன்னபோதோ பாராட்டே மிகுந்தது. இடையில் 32 ஆண்டுகள்!

இலங்கையில் ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் இன்னும் நீக்கப்படவில்லை. அவற்றைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் கூறியது.

சட்டம் ஒருபுறமிருக்க, மார்க்கம் சொல்வதை விட்டுக்கொடுக்கும்படி கல்முனையில் எவரையும் நாம் கேட்கவில்லை. சந்தாங்கேணி மைதானத்தில் பந்தோடு ஓடும் பிள்ளையைக் கூச்சலிட்டு அவமதிக்க அது அனுமதி தரவில்லை என்பதே நம் நிலைப்பாடு. கழகங்களும் பயிற்றுநர்களும் இதை வீரர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கட்டும்.