உல்லாசப் படகுகளுக்குப் பொருளாதார நெருக்கடி கிடையாதா?

2022 ஓகஸ்ட் மாதம் 22ஆம் திகதி மண்ணெண்ணெய் ஒரு லீற்றரின் விலை 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. கொழும்பில் இது அடுப்பெரிக்கும் எண்ணெயின் விலையாக மட்டுமே பேசப்பட்டது. முல்லைத்தீவிலும், பூநகரிக்கு அப்பால் நாச்சிக்குடாவிலும் அது வள்ளத்தின் எண்ணெய் விலை. கரையோர மீனவர்களின் சிறிய எஞ்சின்களில் பெரும்பாலானவை பெற்றோலில் 'ஸ்டார்ட்' ஆகி மண்ணெண்ணெயில் ஓடுபவை. ஒரு தடவை கடலுக்குப் போய்வர 20 லீற்றர் தேவை என்று வைத்துக்கொண்டால், 1,740 ரூபாவாக இருந்த செலவு ஒரே இரவில் 6,800 ரூபாவானது. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அந்தப் பணம் போனது போனதுதான். அந்த மாதங்களில் பல வள்ளங்கள் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை வன்னிக் கரையோரத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

அதே காலத்தில் உலகில் இன்னொரு வகைப் படகுத் தொழில் எப்படி இருந்தது என்பதைப் பற்றித்தான் இங்கு எழுத நினைக்கிறேன். 24 மீற்றருக்கு மேற்பட்ட நீளமுள்ள ஆடம்பர உல்லாசப் படகுகளை 'சூப்பர் யொட்' என்கிறார்கள். இவற்றுள் எத்தனை கட்டப்படுகின்றன, எத்தனைக்குக் கட்டளை கிடைத்திருக்கிறது என்று 'போட் இன்டர்நஷனல்' என்னும் சஞ்சிகை ஆண்டுதோறும் கணக்கெடுக்கின்றது. 2022ஆம் ஆண்டுக்கான அதன் பட்டியலில் 1,024 படகுகள் இருந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் 821. கப்பல் சந்தையைக் கணிக்கும் 'வெசல்ஸ்வெல்யூ' நிறுவனத்தின் தகவல்படி, 2021இல் மாத்திரம் 887 சூப்பர் யொட்கள் விற்பனையாகின. இது 2020ஐ விட 77 சதவீதம் அதிகம். கொரோனா உலகத்தை முடக்கி, சுற்றுலாவை அழித்து, எமது நாட்டை 2022 ஏப்ரல் 12இல் 'கடனைத் திருப்பிச் செலுத்த முடியாது' என்று அறிவிக்கும் நிலைக்குத் தள்ளிய அதே காலப்பகுதி இது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி எமது உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம்.

இதிலிருந்து 'பணக்காரருக்கு நெருக்கடியே இல்லை' என்று முடிவு கட்டினால் அது பாதி உண்மைதான். 2008 நிதி நெருக்கடிக்கு முன் எடுக்கப்பட்ட கணக்கில் கட்டளையிலிருந்த படகுகள் 1,008. பிறகு அந்த எண்ணிக்கை சரிந்தது. மீண்டும் அந்த மட்டத்தைக் கடக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் சென்றது. ஆகவே இத்தொழிலும் அடிபடும். ஆனால் அடி யார் மீது விழுந்தது என்று பாருங்கள். இத்தாலியின் பிரபல படகு நிறுவனமான ஃபெரெற்றி கடனில் மூழ்கி, 2012இல் அதன் 75 சதவீதம் சீனாவின் வெய்சாய் குழுமத்திடம் போனது. ஜேர்மனியின் நோபிஸ்க்ருக் கட்டுதளத்தின் கதை இன்னும் விசித்திரமானது. விற்பனை சாதனை படைத்த அதே 2021இலேயே அது வங்குரோத்து அறிவித்தது. வேறொரு முதலீட்டாளரிடம் கைமாறி, 2024 டிசம்பரில் மீண்டும் வங்குரோத்தானது. ஒவ்வொரு தடவையும் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்று காத்திருந்தவர்கள் ஒட்டுநர்களும் தச்சர்களும் மின்னிணைப்பாளர்களும்தான். அங்கு கட்டப்பட்ட படகுகளின் உரிமையாளர்கள் இல்லை.

காரணம் விளங்கக் கடினமானதல்ல. பெரும் படகொன்றைக் கட்டி முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். வாங்குபவர் தவணை தவணையாகச் செலுத்துவார். அவரது செல்வம் சம்பளமாக வருவதில்லை. பங்குகளாகவும் காணிகளாகவும் இருக்கிறது. கொரோனாக் காலத்தில் மத்திய வங்கிகள் வட்டியைக் குறைத்துப் பணத்தை இறைத்தபோது பங்குகளின் விலை ஏறியது. எனவே அவருக்கு அது வளர்ச்சிக் காலம். நெருக்கடி வந்தால் அவர் கட்டளையைத் தள்ளிப்போடலாம், பாவித்த படகொன்றை மலிவாக வாங்கலாம். முற்பணத்தை நம்பிக் கடன் எடுத்த கட்டுதளத்துக்கும், அதில் நாட்கூலி வாங்குபவருக்கும் அந்தத் தெரிவு கிடையாது.

இது வெள்ளைக்காரரின் ஆடம்பரம் என்று ஒதுங்கிக்கொள்ளவும் எம்மால் முடியாது. உலகின் மிக நீளமான உல்லாசப் படகுகளுள் ஒன்றான 180 மீற்றர் 'அஸ்ஸாம்' அபுதாபி ஆட்சிக் குடும்பத்துக்குரியது. 'துபாய்' என்ற பெயரிலேயே 162 மீற்றர் படகொன்று துபாய் ஆட்சியாளரிடம் இருக்கிறது. சவூதி இளவரசர் முஹம்மத் பின் சல்மான், தென் பிரான்சில் விடுமுறையில் இருந்தபோது கண்ட 'செரீன்' என்ற 134 மீற்றர் படகைச் சுமார் 50 கோடி யூரோவுக்கு வாங்கியதாக 2016 ஒக்டோபரில் 'நியூயோர்க் டைம்ஸ்' எழுதியது. அதற்கு முந்திய மாதம்தான் எண்ணெய் விலை வீழ்ச்சியைக் காரணங்காட்டி சவூதி அரசு அமைச்சர்களின் சம்பளத்தில் 20 சதவீதத்தைக் குறைத்து, அரச ஊழியரின் கொடுப்பனவுகளையும் வெட்டியிருந்தது. அதே ஆண்டில் பின் லாடின், சவூதி ஓகர் போன்ற நிர்மாண நிறுவனங்களின் தெற்காசியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி முகாம்களில் கிடந்தனர். சவூதி அனுப்பும் பேரீச்சம்பழத்துக்கு ஒவ்வொரு ரமழானிலும் நன்றி சொல்லும் நாம், இந்தக் கணக்கையும் ஒரு தடவை பார்ப்பதில் தவறில்லை.

மலேசியாவின் 'இக்குவானிமிட்டி' இன்னும் தெளிவான பாடம். 91.5 மீற்றர் நீளம், சுமார் 25 கோடி டொலர் பெறுமதி. 2014இல் நெதர்லாந்தின் ஓஷன்கோ கட்டுதளம் இதைக் கையளித்தது. மலேசிய மக்களின் அபிவிருத்திக்கென அமைக்கப்பட்ட '1எம்டிபி' அரச நிதியிலிருந்து திருடிய பணத்தில் ஜோ லோ என்ற தரகர் இதை வாங்கியதாக அமெரிக்க நீதித் திணைக்களம் குற்றஞ்சாட்டியது. படகு கையளிக்கப்பட்ட மறு வருடம், 2015 ஏப்ரலில், அதே மலேசிய அரசு பொருட்கள் சேவைகள் மீது 6 சதவீத வரியை விதித்தது. சந்தைக்குப் போன சாதாரண மலேசியரின் பையிலிருந்து அது அறவிடப்பட்டது. 2018இல் ஆட்சி மாறியது, வரி நீங்கியது. பாலித்தீவில் இந்தோனேசியா கைப்பற்றி வைத்திருந்த படகும் மலேசியாவிடம் வந்து சேர்ந்தது. 2019இல் அதை விற்றபோது கிடைத்தது 12 கோடி 60 இலட்சம் டொலர், அதாவது வாங்கிய விலையில் பாதியளவு. இந்த இடம் முக்கியமானது. உல்லாசப் படகு காணியைப் போல விலை ஏறும் சொத்தல்ல. வருடாந்தப் பராமரிப்புக்கே அதன் விலையில் பத்தில் ஒரு பங்கு தேவை என்பது அத்துறையினரின் பொதுவான கணிப்பு. ஆகவே திருடப்பட்ட பணம் படகாக மாறிவிட்டால், திருடனைப் பிடித்தாலும் பணம் முழுதாகத் திரும்பாது. ரஷ்யச் செல்வந்தரின் 'செயிலிங் யொட் ஏ' 2022 மார்ச்சில் இத்தாலியின் ட்ரியெஸ்ட் துறைமுகத்தில் முடக்கப்பட்ட பின்னர், அதன் பராமரிப்புச் செலவு இத்தாலிய அரசின் தலையில் விழுந்தது. அதுவும் மேலே சொன்ன நோபிஸ்க்ருக் கட்டியதுதான்.

அப்படியென்றால் கடுமையான வரி போட்டால் என்ன? போட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஒரு இலட்சம் டொலருக்கு மேற்பட்ட படகுகளில், அந்த எல்லைக்கு மேலான தொகைக்கு 10 சதவீத ஆடம்பர வரியை 1991இல் அமெரிக்கா கொண்டுவந்தது. அப்போது அங்கு பொருளாதார மந்தமும் இருந்தது. செல்வந்தர்கள் புதிய படகு வாங்குவதை நிறுத்தினார்கள், படகு கட்டுபவர்கள் வேலை இழந்தார்கள். 1993இல் வரி நீக்கப்பட்டது. இத்தாலியும் 2012இல் துறைமுகங்களில் நிற்கும் பெரிய படகுகளைக் குறிவைத்து வரி போட்டது. படகுகள் பக்கத்து நாடுகளுக்கு ஓடின. வரி மேசையில் உட்கார்ந்து நீதி பேசுவது எளிது. வரி செலுத்தவேண்டிய சொத்துக்கு எஞ்சின் பூட்டியிருந்தால் கதை வேறு. இதை நான் சொல்வது ஆடம்பரத்துக்கு வக்காலத்து வாங்கவல்ல. கோபத்தில் போடும் வரியும் கடைசியில் தொழிலாளி மீதே விழக்கூடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி எமது நாட்டுக்கு வருவோம். கொழும்பில் கடலை நிரப்பி உருவாக்கிய 269 ஹெக்டெயர் போர்ட் சிட்டித் திட்டத்தின் ஐந்து வலயங்களில் ஒன்றின் பெயரே 'த மரீனா', உல்லாசப் படகுகள் தரிக்கும் இடம். 2021 மே மாதத்தில் நிறைவேற்றப்பட்ட கொழும்புத் துறைமுக நகரப் பொருளாதார ஆணைக்குழுச் சட்டம், மூலோபாய முக்கியத்துவமுடையவை என அறிவிக்கப்படும் வணிகங்களுக்கு 40 ஆண்டுகள் வரை வரிவிலக்களிக்க இடமளித்தது. மறுபுறத்தில், நாட்டு மக்கள் அனைவரும் செலுத்தும் பெறுமதி சேர் வரி 2022 மே மாதம் வரை 8 சதவீதமாக இருந்து, 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனை என்றார்கள். நாற்பது வருட விலக்கும் பதினெட்டு சதவீத வரியும் ஒரே அரசின் இரு கைகள்.

செல்வந்தரின் படகு வந்தால் டொலர் வரும் என்ற வாதத்தை நான் முற்றாக மறுக்கவில்லை. படகு வந்தால் எரிபொருள், திருத்த வேலை, உணவு, பணியாட்கள் எல்லாம் தேவைப்படும். அதைவிட நல்ல வழி படகைக் கட்டி விற்பது. 2018-2022 தேசிய ஏற்றுமதி மூலோபாயத்தில் படகு கட்டும் தொழில் முன்னுரிமைத் துறைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருந்தது. இங்கு கட்டப்படும் உல்லாசப் படகுகள் ஏற்கெனவே வெளிநாடுகளுக்குப் போகின்றன. ஆனால் இத்துறையில் வேலை கிடைக்கவேண்டுமானால் ஃபைபர் வேலை, எஞ்சின் திருத்தம், கடல்சார் மின்னிணைப்பு போன்றவற்றில் முறையான பயிற்சி வேண்டும். எனது வகுப்புகளில் பதினைந்து வயதிலேயே எஞ்சினைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த பையன்கள் இருந்திருக்கிறார்கள். சாதாரண தரத்தில் கணிதம் சித்தியடையாததால் அவர்களை எந்தப் பட்டியலும் ஏற்கவில்லை. ஒருவன் கட்டாரில் பொதி சுமக்கிறான். வரிவிலக்குக் கேட்கும் ஒவ்வொரு மரீனா முதலீட்டாளரிடமும் 'வடக்குக் கரையோரத்தில் எத்தனை பேருக்குப் பயிற்சி தருவாய்?' என்று கேட்க ஒரு நாடாளுமன்ற உறுப்பினராவது வேண்டும்.

அரசு கேட்காதவற்றை நாம் எம்மிடமே கேட்கலாம். வெள்ளிக்கிழமைகளில் நாம் ஓதும் சூரா கஹ்ஃபில் ஒரு படகின் சம்பவம் வருகிறது. கடலில் உழைத்து வாழும் சிலரின் படகை ஹிழ்ர் (அலை) அவர்கள் சேதப்படுத்துகிறார்கள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொள்ளும் அரசன் ஒருவன் அப்பால் இருந்தான் என்பது பிறகுதான் நபி மூஸா (அலை) அவர்களுக்கு விளங்குகிறது. அந்தப் படகுக்காரர்களைக் குர்ஆன் 'மிஸ்கீன்கள்' என்று அழைக்கிறது. படகு சொந்தமாக இருந்தும் மிஸ்கீன்கள்! 'பகீர்' என்பவர் எதுவுமே இல்லாதவர், 'மிஸ்கீன்' என்பவர் ஏதோ கொஞ்சம் இருந்தும் போதாதவர் என்று எமது ஷாபிஈ மத்ஹப் வகுத்ததற்கு இந்த வசனமும் ஓர் ஆதாரம். ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரில் இருவகையினரும் அடங்குவர்.

மறுபக்கத்தையும் பாருங்கள். சொந்தப் பாவனைக்கான வீடு, வாகனம் போன்றவற்றுக்கு ஸகாத் இல்லை என்பது பொதுவான பிக்ஹுச் சட்டம். ஒருவரின் 50 கோடி யூரோ வங்கியில் கிடந்தால் வருடத்துக்கு இரண்டரை சதவீதம், அதாவது ஒரு கோடி 25 இலட்சம் யூரோ, ஏழைகளுக்குரியது. அதை அவர் சொந்த உல்லாசத்துக்கான படகாக மாற்றிக்கொண்டால், அந்தப் படகுக்கு ஸகாத் விழாது. இஸ்ராஃப், அதாவது வீண்விரயம், பற்றிய தடை இருக்கவே செய்கிறது. ஆனால் அதை வசூலிக்க எந்தக் குழுவும் வருவதில்லை. இக்காலத்துக்கேற்ப இது பற்றி ஆலிம்கள் விரிவாகப் பேச வேண்டும். ஆசிரியனான நான் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எம் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது ஸகாத் பெறுபவர் பட்டியல்தான். 1990இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் இரு தசாப்தங்களைக் கழித்துத் திரும்பியவர்களில் கடலுக்குப் போகும் பலர், வள்ளத்தையும் எஞ்சினையும் கடனுக்கோ லீசிங்குக்கோ எடுத்தவர்கள். எனக்குத் தெரிந்த ஒரு மஹல்லாவில், ஸகாத் விண்ணப்பத்தில் 'சொத்து விபரம்' என்ற இடத்தில் 'வள்ளம் 1, எஞ்சின் 1' என்று எழுதியவரின் படிவம் அப்படியே ஒதுக்கி வைக்கப்பட்டது. பட்டியல் தயாரித்தவர்கள் கெட்டவர்களல்லர். எஞ்சினின் விலை அவர்களுக்குத் தெரியும், அதன் மீதிருந்த நிலுவை தெரியாது. அடுத்த ரமழானுக்குப் படிவம் அச்சடிக்கும் பள்ளிவாசல் நிர்வாகங்கள், சொத்து விபரத்துக்குப் பக்கத்தில் மாதத் தவணை எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம், ஒரு தடவை கடலுக்குப் போய்வர எண்ணெய்ச் செலவு எவ்வளவு என்று மூன்று கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.