குதிக்கத் தெரியும், இறங்கத் தெரியுமா?

முழங்காலில் 'ஜவ்வு கிழிந்தது' என்றதும் எண்ணெய் தடவி உருவிவிடுவோர் இன்றும் உளர். மூட்டுக்குள் சிலுவைபோல் குறுக்கிட்டிருக்கும் இரு நார்களில் முன்னது முற்றும் அறுந்தால், உருவிச் சேர்க்க இயலுமா? விளையாட்டு வீரர்களுக்குப் பெரும்பாலும் உடலின் வேறிடத்துத் தசைநாரை எடுத்துப் பொருத்துகின்றனர். ஸ்பெயின் கால்பந்து வீராங்கனை அலெக்ஸியா புட்டெல்லாஸ் 2022 ஜூலையில் இக்காயமுற்று, 2023 ஏப்ரல் இறுதியில்தான் மீண்டும் களமிறங்கினார்.

ஒரே விளையாட்டை ஆடும் ஆண்களைவிடப் பெண்களுக்கே இது மிகுதி. எவரும் மோதாமலே, துள்ளி இறங்குகையில் நேர்ந்துவிடுகிறது. முழங்காலை மடக்கி, உட்புறம் சாயவிடாமல் இறங்கப் பழகினால் பெரிதும் தவிர்க்கலாம். ஆகவே நம் பி.டி. வகுப்பில் பந்தைத் தொடுமுன் பத்து நிமிடம் இப்பயிற்சி வேண்டும் என்பேன். நேரம் போகிறதே என்று கூடைப்பந்துத் தோழியர் முணுமுணுப்பர்; அவர்களுக்குத்தான் இது முதலில் தேவை!