சும்மா போகும் உரிமை

மிதிவண்டியில் ஊர்ப்புறங்களைச் சுற்றிவரத் தடங்கள் வேண்டும் என்று சொன்னால் இலக்கிய நண்பர்களிடமிருந்து வரும் முதல் எதிர்வினை ஒரு மெல்லிய சிரிப்பு. இரண்டாவது எதிர்வினை சற்று நீளமானது: அதெல்லாம் இங்கிலாந்தின் சிற்றூர்களுக்குப் பொருந்தும், கடலூரிலும் சிதம்பரத்திலும் மிதிவண்டி ஏழையின் வாகனம், அதை உல்லாசமாக்குவது வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு. (மிதிவண்டியா, ஈருருளியா என்று மாதக்கணக்கில் சண்டையிடத் தெரிந்த நமக்கு, அதில் ஏறி எங்கே போகலாம் என்று யோசிக்க நேரம் வாய்க்கவில்லை என்பது தனிக்கதை.) இந்த வாதம் ஏழைகளின் பக்கம் நிற்பதுபோல் தோற்றம் தருகிறது. உண்மையில் அது அவர்களுக்கு எதிராகவே நிற்கிறது என்பது எங்கள் தரப்பு.

முதலில் இங்கிலாந்தைப் பற்றிய கற்பனையைக் களைந்துவிடலாம். அங்கே நாட்டுப்புறத்தை மிதிவண்டியால் அளந்தவர்கள் எல்லோரும் பிரபுக்கள் அல்லர். 1894இல் பர்மிங்காமில் தொடங்கிய கிளாரியன் மிதிவண்டிக் கழகம் சோசலிஸ்டுகளின் அமைப்பு. வாரம் முழுதும் உழைத்தவர்கள் ஞாயிறன்று வண்டியில் பிரசுரங்களைக் கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போனார்கள். 1932இல் கிண்டர் ஸ்கவுட் மேட்டில், வேட்டைக்காக அடைத்து வைக்கப்பட்டிருந்த நிலத்தில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி நுழைந்து நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். குதிரைத் தடங்களில் மிதிவண்டி செல்லலாம் என்ற சட்ட உரிமை 1968இல்தான் கிடைத்தது. இன்று அவர்களுடைய வரைபடத்தில் நாம் பார்க்கும் அழகான கோடுகள் பலவற்றின் பின்னால் இப்படி ஒரு வழக்கு, ஒரு மறியல், ஒரு சட்டம் இருக்கிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே கடல். இடையில் சிதம்பரம். ஏற்றம் என்று ஒன்று இருந்தால் அது மதகின் முதுகாகவோ பாலத்தின் தலைப்பாகவோதான் இருக்கும். பல்சக்கரம் மாற்றும் விலையுயர்ந்த வண்டி இங்கே தேவையே இல்லை. அப்பாவின் பழைய வண்டி போதும். தை பிறந்து சம்பா அறுவடை நடக்கும் நாட்களில் கரைகளும் காய்ந்திருக்கும். கிழக்கே போகிறவர் விடியலில் கிளம்ப வேண்டும். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் எதிர்த்து மிதிக்க முடியாது. ஆனால் திரும்பும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும். இந்தக் கணக்கை அறிந்தவருக்குக் கிள்ளை வழியாகப் பிச்சாவரம் போய்வருவது ஒரு நாளின் பாதிதான். வயல் மெல்ல மெல்ல உவர்நிலமாகி, பிறகு சதுப்பாகி, அலையாத்திக் காடாவதை மிதிவண்டியில் போகிறவர் மட்டுமே பார்க்கிறார். பேருந்தில் போகிறவருக்கு வயல் முடிந்ததும் படகுத்துறை வந்துவிடுகிறது. 2022இல் அந்தக் காடு ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பலகை வைத்தார்கள், அங்கே போகும் வழியை மிதிவண்டிக்கு உகந்ததாக ஆக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை.

தென்மேற்கில் இன்னும் நல்ல தடம் இருக்கிறது. 1836இல் ஆர்தர் காட்டன் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டிய கீழணையிலிருந்து வடவாறு பிரிந்து வீராணம் ஏரிக்குப் போகிறது. அந்தத் தண்ணீரின் கூடவே நாமும் போகலாம். வடவாற்றின் கரை, பிறகு ஏரிக்கரை, லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில். பராந்தக சோழன் காலத்து ஏரி. 2004 முதல் சென்னை குடிப்பதும் இதன் நீரைத்தான். 'பொன்னியின் செல்வ'னில் வந்தியத்தேவன் முதன்முதலாகத் தோன்றுவது இந்தக் கரையில்தான். ஓலை சுமந்துவந்த தூதன் அவன், அவசரம் உள்ளவன். இருந்தும் கல்கி அவனை இங்கே நின்று வேடிக்கை பார்க்க விட்டார். 2022இல் திரைப்படம் வந்த பிறகு மகிழுந்துகளில் வந்து இறங்கும் நம் வாசகர்களோ ஒரு புகைப்படம் எடுக்கும் நேரத்துக்கு மேல் நிற்பதில்லை.

கடலூரின் பக்கம் சற்று விசித்திரமான தடம் ஒன்று உண்டு. 1690இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை விலைக்கு வாங்கிய ஆங்கிலக் கம்பெனி, பீரங்கிக் குண்டு விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் தனக்கே என்று எழுதி வாங்கியது. குண்டு கிராமங்கள் என்றே அவற்றுக்குப் பெயர். ஒரு பீரங்கி வரைந்த எல்லையை ஒரு காலைப்பொழுதில் மிதித்துச் சுற்றிவிடலாம். வரலாற்றுப் பாடம் இதைவிட மலிவாக எங்கும் கிடைக்காது. வள்ளலார் பிறந்த மருதூரிலிருந்து அவர் வாழ்ந்த கருங்குழி, தருமச்சாலையும் சத்திய ஞானசபையும் அமைந்த வடலூர், மறைந்த மேட்டுக்குப்பம் என்று ஒரு வாழ்க்கை முழுவதையும் ஒரே நாளில் மிதிவண்டியில் தொடரலாம்.

எல்லாமே இனிமை என்று நாங்கள் சொல்லவில்லை. கடலூர் சிப்காட் வளாகத்தை ஒட்டிய குடிகாடு வழியே போகிறவர், அங்குள்ளவர்கள் ஏன் இத்தனை ஆண்டுகளாகக் காற்றைப் பற்றியே பேசுகிறார்கள் என்பதை மூக்கால் அறிவார். கண்ணாடி ஏற்றிய வண்டியில் அந்த அறிவு உள்ளே வராது. மிதிவண்டித் தடம் என்பது அழகு பார்க்கும் ஏற்பாடு மட்டுமே என்று நினைப்பவர்கள் இதையும் கணக்கில் கொள்ளட்டும்.

இந்தத் தடங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலை வந்திருக்கிறது. மேற்கே விக்கிரவாண்டி–தஞ்சாவூர்ச் சாலை. நான்கு வழிச்சாலையே கூடாது என்பது எங்கள் வாதமன்று. ஆம்புலன்ஸ் விரைவாகப் போகட்டும். ஆனால் நான்கு வழி என்று எண்ணியபோது, ஐந்தாவதாக, வயலுக்கும் பள்ளிக்கும் மிதித்துப் போகிறவனின் வழி எங்கே என்று எண்ணியவர் யார்? சாலையின் மறுபக்கத்தில் இருக்கும் தன் வயலுக்குப் போக அவன் வெகுதூரம் சுற்ற வேண்டும், அல்லது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தடுப்பைத் தாண்ட வேண்டும். எஞ்சியிருக்கும் ஆற்றங்கரைப் பாதைகளிலோ மணல் லாரிகள்.

இப்போது அந்த வயிறு நிறைந்தவர்களின் விளையாட்டு என்ற வாதத்துக்கு வருவோம். நம் ஊர்ப்புறங்களில் வழியில் போகிற எவரையும் நோக்கிக் கேட்கப்படும் கேள்வி, 'எங்க போறீங்க?' என்பது. வேலைக்கு, சந்தைக்கு, கோயிலுக்கு என்று எதைச் சொன்னாலும் ஏற்பார்கள். 'சும்மாதான்' என்று சொல்லிவிட்டுப் போக எல்லோராலும் முடியாது. சும்மா இருத்தலைத் தத்துவமாக்கிய சைவம் தழைத்த இந்த மண்ணில், சும்மா போவதற்குச் சாதி வேண்டும். ஊர்த்தெருவுக்குள் நுழையும்போது தலித் இளைஞன் மிதிவண்டியிலிருந்து இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும் என்ற எழுதப்படாத சட்டம் தமிழகக் கிராமங்களில் எத்தனை காலம் நடந்தது, எங்கெங்கே இன்னும் நடக்கிறது என்பதை ஏளனம் செய்கிற நண்பர்களும் அறிவார்கள்.

கொள்ளிடக் கரையின் ஆதனூரிலிருந்து தில்லைக்குப் போக விரும்பிய ஒருவர் நாளை போவேன், நாளை போவேன் என்று சொல்லிச் சொல்லியே காலம் கழித்தார். அதுவே அவருக்குத் திருநாளைப்போவார் என்று பெயராகவும் ஆயிற்று. பெரியபுராணம் அதைப் பக்தியாகப் பாடியது. எங்களுக்கு அது ஒரு வழித்தடத்தின் வரலாறாகவும் தெரிகிறது. அந்த நந்தனார் பெயரில் 1916இல் சிதம்பரத்தில் பள்ளி தொடங்கிய சுவாமி சகஜானந்தர், வழி என்பது யாருக்கு மறுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்.

பெண்களின் கதை வேறன்று. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியே கிராமத்துப் பெண்கள் பெருந்திரளாக மிதிவண்டி கற்றார்கள், பி. சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கி, பின்னர் மற்ற மாணவர்களுக்கும் விரிந்த விலையில்லா மிதிவண்டித் திட்டத்தை நாங்கள் மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பெண் பள்ளிக்குப் போகலாம், திரும்பலாம்; ஞாயிற்றுக்கிழமை வீராணத்துக் கரையில் தோழியோடு காரணமில்லாமல் போனால் மாலைக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும். ஏழைக்கு வாகனம் தரலாம், பொழுது தரக்கூடாது என்பதுதானே, அறிந்தோ அறியாமலோ, நம் நண்பர்களின் நிலைப்பாடும்?

அரசு அங்கீகரித்த தடம் ஒன்றும் சாதியை ஒழித்துவிடாது. ஆனால் பொதுப்பணத்தில் நட்ட ஒரு பலகை, 'இந்த வழியில் மிதிவண்டியில் எவரும் போகலாம்' என்று சொல்லுமானால், 'எங்கே போகிறாய்' என்று மறிப்பவன் அந்தப் பலகையையும் மறிக்க வேண்டியிருக்கும்.

எனவே கேட்கிறோம். வடவாறு, வீராணம், கான்சாகிப் வாய்க்கால், கொள்ளிடம் ஆகியவற்றின் கரைப்பாதைகளில் மணல் லாரிகள் ஏறாதபடி தடுப்புக்கற்கள் நட வேண்டும். புறவழிச்சாலைகளில் மிதிவண்டிக்குத் தனி வழியும், ஊர்கள் உள்ள இடங்களில் கடக்கும் வசதியும் வேண்டும். தூரம், தேநீர்க்கடை, குடிநீர், பஞ்சர் ஒட்டும் இடம் குறித்த தமிழ் வரைபடம் ஒன்றைச் சுற்றுலாத் துறை அச்சிட வேண்டும். அதை வரைவதற்கு ஆலோசகர்களை அழைக்க வேண்டாம். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துப் பள்ளிகளில் அந்த விலையில்லா வண்டிகளை வைத்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தால் போதும். எந்த மதகில் நிழல் இருக்கிறது, எந்தத் தெருவில் இறங்கச் சொல்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.