ஆலோசனை கேட்பது புறம் பேசுவதாகுமா?

“கணவரிடமுள்ள குறையை முகமறியாத ஒருவரிடம் தொலைபேசியில் எடுத்துச் சொன்னால், அது புறம் பேசிய பாவமாகிவிடுமா?” என்று ஒரு சகோதரி கேட்டு எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் ‘ஐஸ்’ எனும் போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டுவிட்டார். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்த பணம் போய், நகையும் போய்விட்டது. இரவானால் இவருக்கு நெஞ்சு படபடக்கிறது, உறக்கம் வருவதில்லை. வாசலில் காலடிச் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது. இணையத்தின் வழியாக உளவளத்துணை வழங்கும் ஒரு பெண்மணியிடம் பேச ஆயத்தமாகி, பாவமாகிவிடுமோ என்று பயந்து நிறுத்திவிட்டாராம்.

அல்லாஹ்வை அஞ்சுவதால் வந்த கேள்வி இது. ஆயினும் சட்டம் தெரியாமல் பயந்து, வாயை மூடிக்கொண்டு நோயாளியாகிப் போகும் சகோதரிகள் எத்தனை பேர்!

ஹிந்த் பின்த் உத்பா (ரலி) அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமது கணவர் அபூ சுஃப்யான் (ரலி) கஞ்சத்தனமுள்ளவர், தமக்கும் பிள்ளைக்கும் போதுமானதைத் தருவதில்லை என்று முறையிட்டார்கள். கணவரின் குறையைப் பேசாதே என்று நபியவர்கள் தடுக்கவில்லை. நியாயமான அளவு எடுத்துக்கொள்ளும்படி வழி சொல்லி அனுப்பினார்கள். இது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ரியாளுஸ் ஸாலிஹீனில், பிறர் குறையைச் சொல்வது ஆகுமான ஆறு இடங்களை எடுத்துக்கூறுகிறார்கள். அநீதியை முறையிடுதல், தீமையைத் தடுக்க உதவி தேடுதல், தீர்ப்புக் கேட்டல் ஆகியன அவற்றில் அடங்கும். மேற்சொன்ன ஹதீஸையும் அங்கே ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

ஆகவே, தீர்வு தரக்கூடியவரிடம், தீர்வுக்குத் தேவையான அளவு சொல்வது புறமல்ல. அதே செய்தியைக் குழாயடியில் சொல்வதும், குடும்ப வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவாக அனுப்புவதும் வேறு விடயம். வேடிக்கை என்னவென்றால், இந்த இரண்டாவது காரியத்துக்கு நம்மில் யாரும் ஃபத்வா கேட்பதில்லை.

மௌலவிமாராகிய எங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. நெஞ்சு படபடக்கிறது என்று வருபவருக்குத் தண்ணீர் ஓதிக் கொடுத்து, ஜின் பார்வை என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். ஓதிப் பார்ப்பது ஸுன்னத்து. அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் சேர்த்து ஒரே நூலில் எழுதினார். பயம், துக்கம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே சிகிச்சை சொன்னார். வீட்டில் மருந்தைச் சேமித்து வைப்பதுபோல, நல்ல நிலையில் இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்கச் சொன்னவர் அவர். நமது முன்னோருக்கு இது புதிய விடயமல்ல.

கணவரின் நிலைக்கு வருவோம். தம்பதியரின் பிணக்குக்கு இரு தரப்பிலிருந்தும் நடுவர் வைக்கும்படி குர்ஆன் (4:35) கூறுகிறது. பிணக்குக்கு நடுவர் போதும். போதைக்குச் சிகிச்சை வேண்டும். ஐஸுக்குப் பதிலாகக் கொடுக்கும் மாற்று மருந்து என்று இதுவரை எதுவும் நிலைபெறவில்லை. சிகிச்சையின் பெரும்பகுதி, பயிற்சி பெற்றவரோடு தொடர்ந்து பேசிப் பழக்கத்தை மாற்றுவதுதான். சிலர் அறையில் பூட்டிவைத்து நிறுத்தப் பார்க்கிறார்கள். ஐஸை நிறுத்திய நாட்களில் கடும் மனச்சோர்வு வரும், உயிரை மாய்க்கும் எண்ணமும் வரலாம். பூட்டிய அறைக்குள் அதை யார் பார்ப்பது?

இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்திலும், போதை தொடர்பாகத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்திலும் பேசலாம். 1974இல் தொடங்கப்பட்ட சுமித்ரயோவின் தொண்டர்கள், சொன்னதை வெளியே விடாமல் காதுகொடுத்துக் கேட்பவர்கள். கணவர் கை நீட்டுபவராக இருந்தால் ஆலோசனை மட்டும் போதாது. பெண்களுக்கான 1938 இலக்கத்தை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

இணையத்தில் ‘உளவளத்துணையாளர்’ என்று பெயர்ப்பலகை போட்டவரெல்லாம் அந்தத் தொழிலுக்குரியவர் அல்லர். எங்கே படித்தார், கட்டணம் என்ன, பேசுவதைப் பதிவு செய்கிறாரா என்று முதலில் கேளுங்கள். மனநல வைத்தியர் என்றால் இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்க வேண்டும். பெண் ஆலோசகரையே கேட்டுப் பெறுங்கள். கிடைக்காவிட்டால், தேவைக்கு ஆண் வைத்தியரிடம் செல்வதைப் போன்றதே இதுவும். பேச்சு விடயத்தோடு நிற்கட்டும்.

கேள்வி கேட்ட சகோதரி, கணவர் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்ப்பவரானால் உம்மா வீட்டிலிருந்து பேசட்டும். முதல் நாளிலேயே கணவரின் முழுக் கதையையும் சொல்ல வேண்டியதில்லை. தமது படபடப்பையும் உறக்கமில்லாமையையும் சொல்லித் தொடங்கலாம். அதில் புறம் என்ற பேச்சுக்கே இடமில்லை.