அவர் விட்டார், எங்களை விட வைக்கிறார்கள்



போன வாரம் விளையாட்டு டீச்சர் எங்களுக்கு மாயா மூர் என்ற அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனையைப் பற்றிச் சொன்னார். நம் பள்ளியில் கூடைப்பந்துக் கம்பமே கிடையாது. இருந்தாலும் எனக்கு ரொம்பப் பிடித்துப்போய் ராத்திரி வீட்டில் சொன்னேன். முழுசாகக் கேட்ட பெரியம்மா, "பாத்தியா, அவ்வளவு பெரிய ஆட்டக்காரியே பாதியில விட்டுட்டா. நீ என்னத்துக்குடி இன்னும் கோ-கோன்னு அலையுற? ஒம்பதாவது வந்தாச்சு, போதும்" என்றார். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. படுத்த பிறகுதான் வந்தது. அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் மாயா மூர் விட்டது எதை என்று தெரிய வேண்டும். அவர் 1989-ல் மிசௌரி மாநிலத்தில் பிறந்தவர். அம்மா ஒருத்தராகவே வளர்த்தார். 3 வயதில் வீட்டுக் கதவில் வளையம் மாட்டிப் பந்தைக் கையில் கொடுத்ததும் அம்மாதான். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் படித்தபோது அவருடைய அணி தொடர்ந்து 90 ஆட்டம் ஜெயித்தது. 2011-ல் டபிள்யூ.என்.பி.ஏ. என்ற பெண்கள் தொழில்முறைப் போட்டிக்குப் புதியவர்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயரே அவருடையதுதான். மின்னசோட்டா லிங்க்ஸ் அணிக்காக 8 வருஷம் ஆடி 4 முறை கோப்பை வாங்கினார். 2014-ல் அந்தப் போட்டியின் சிறந்த வீராங்கனை ஆனார். 2012, 2016 ஒலிம்பிக்கில் தங்கம்.

2015 இறுதிச் சுற்றில் 3-ஆம் ஆட்டம். இரண்டு அணிக்கும் 77 புள்ளி. மிச்சம் இருந்தது 1.7 விநாடிதான். கண்ணை மூடித் திறக்கிற நேரம்! மாயா பந்தை வாங்கினார், தூரத்தில் இருந்தே போட்டார். 3 புள்ளி. 80-77 என்று ஜெயித்தார்கள்.

இப்படிப்பட்டவர் 2019-ல் ஆட வரவில்லை. அப்போது வயசு 29. குடும்பத்துக்கும் இறைப்பணிக்கும் நேரம் வேண்டும் என்றார். அந்த நேரத்தில் நிறைய ஜோனாதன் ஐயன்ஸ் என்பவரின் வழக்குக்குப் போனது. 1997-ல் நடந்த ஒரு திருட்டு, துப்பாக்கிச்சூடு வழக்கில், 16 வயதில் பிடிபட்ட கருப்பினப் பையன் அவர். நடுவர் குழுவில் எல்லோரும் வெள்ளையர்கள். தண்டனை 50 வருஷம். அந்த வீட்டில் கிடைத்த ஒரு கைரேகை அவருடையது இல்லை, வீட்டுக்காரருடையதும் இல்லை. அந்த அறிக்கையை அவர் தரப்பு வக்கீலிடம் காட்டவே இல்லை. 2020 மார்ச்சில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். ஜூலை 1 அன்று ஐயன்ஸ் வெளியே வந்தார். உள்ளே இருந்தது 23 வருஷம். மாயாவின் சட்டை எண்ணும் 23!

பிறகு இரண்டு பேரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். உடனே எங்கள் வகுப்பில் ஒருத்தி, "அப்ப கல்யாணத்துக்காகத்தான் விட்டாங்க" என்றாள். அப்படிச் சொல்வது தப்பு. ஒரு மனிதன் செய்யாத குற்றத்துக்கு உள்ளே இருக்கிறான் என்று நம்பினார். அதற்காக ஓடினார். பந்தோடு ஓடிய அதே கால்தான் கோர்ட்டுக்கும் ஓடியது. இன்னும் சில வருஷம் ஆடியிருக்கலாமே என்று எனக்கும் வருத்தம்தான். ஆனால் அந்தக் கணக்கைப் போட வேண்டியவர் அவர்தான், நான் இல்லை. 2023 ஜனவரியில் ஓய்வு என்று அறிவித்ததும் அவரேதான். 2024-ல் லிங்க்ஸ் அணி, 23-ஆம் எண்ணை இனி யாருக்கும் தருவதில்லை என்று மரியாதை செய்தது. பாதியில் விட்டவர் என்று யாரும் அவரை ஒதுக்கவில்லை.

இப்போது எங்கள் கதை. ஆறாம் வகுப்பில் கோ-கோ ஆட 12 பெண்கள் இருந்தோம். இப்போது 5 பேர். களத்தில் இறங்க 9 பேர் வேண்டும். அந்த 7 பேரும் பிடிக்காமல் நிற்கவில்லை. "வயசுக்கு வந்தாச்சு", "வெயில்ல கருத்துப் போயிடுவ", "பசங்க பாக்குறாங்க" என்று நிறுத்தப்பட்டார்கள். ஒருத்தி இன்னும் சாயங்காலம் மைதான ஓரமாக நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறாள்.

விடுவது வேறு, விட வைப்பது வேறு. மாயா மூர் ஆசை தீர ஆடினார், அப்புறம் தானாக விட்டார். ஆடவே விடாமல் எங்களை நிறுத்திவிட்டு அவரை உதாரணம் காட்டினால் அது நியாயமா?

பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அம்மா அப்பாக்களும் இந்தப் பலகையைப் படிப்பீர்கள். நாங்கள் ஒலிம்பிக் போகிறோம் என்று சொல்லவில்லை. பத்தாவது வந்ததும் படிப்புக்காக நானே கூட விடலாம். அதை நானே சொல்கிறேன், அதுவரைக்கும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கொடுங்கள்.

பெரியம்மா, உங்களுக்கு என் பதில் இதுதான்: அவங்க அம்மா "போதும்"னு சொல்லல. கதவுல வளையம் மாட்டிக் குடுத்தாங்க.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி