திரும்பி வருவதாகச் சொன்னவர்

தற்கொலைக்கு முயன்று உயிர் பிழைத்தவருக்கு நம் மருத்துவமனைகளில் என்ன கிடைக்கிறது? பென்னாகரத்திலும் அரூரிலும் பாலக்கோட்டிலும் இறைமக்கள் இதை அறிவார்கள். உயிரைக் காப்பாற்றுகிறோம், அது பெரும்பணியே. பிறகு ஒரு கண்டிப்பு, ஓர் அறிவுரை, சில நாளில் வீடு. இன்னும் சாக நினைக்கிறாரா என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமாம்! பரிவோடு நேரே கேட்பதால் அவ்வெண்ணம் வளர்வதில்லை என்று ஆய்வுகள் பலமுறை காட்டியுள்ளன.

தேர்வுக் காலத்தில் மாணவர்களைப்பற்றிக் கவலைப்படுகிறோம், நல்லதே. பெங்களூரில் கூலிவேலை இழந்து கடனோடு ஊர் திரும்பிய நாற்பது வயதுத் தந்தை, தூக்கமில்லை, உடம்புவலி என்று நம் மருந்தகத்துக்கு வந்தால் மாத்திரை மட்டுமே தருகிறோம். 2022இல் தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்தது.

மனநல மருத்துவர் இல்லையே என்பது நாம் வழக்கமாகச் சொல்லும் சாக்கு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வொன்று 2008இல் வெளிவந்தது. சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து இடங்களில், தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை அது ஆராய்ந்தது. ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை. மறு சாராருக்கு அதனோடு ஒரு மணி நேர உரையாடலும், பின்னர் 18 மாதங்களில் தொலைபேசியிலோ நேரிலோ 9 முறை நலவிசாரிப்பும். முதல் சாராரில் தற்கொலையால் இறந்தவர் 18 பேர்; மறு சாராரில் இருவர். பயிற்சி பெற்ற செவிலியரே இவ்வாறு விசாரிக்க முடியும்.

சட்டச் சிக்கல் என்பார் சிலர். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கப்படலாகாது என்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். திருச்சபையோ 1983ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பில், தற்கொலையால் இறந்தோருக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதியையே விட்டுவிட்டது. நம் திண்ணைப் பேச்சு மட்டும் மாறவில்லை.

நல்ல சமாரியர் காயம் கட்டியதோடு நிற்கவில்லை. விடுதிக்காரரிடம் பணம் கொடுத்தார். திரும்பி வருவதாகவும் சொன்னார். முதற்பகுதியை மறையுரைகளில் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டோம்.

புதிய கட்டடத்துக்கு நிதி திரட்டும் நாம், செவிலியரையும் வரவேற்பாளரையும் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பத் தயங்குகிறோம். எப்படிக் கேட்பது, ஆபத்தானவற்றை வீட்டில் எட்டாதவாறு வைக்கக் குடும்பத்தாரிடம் எப்படிச் சொல்வது, யாரை உடனே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவது என்பவை கற்கக்கூடியவை. 14416 என்ற இலவச உதவி எண்ணை மருந்துச்சீட்டில் அச்சிடப் பெருஞ்செலவு ஆகாது. வீடு திரும்பியவரை அடுத்த வாரம் அழைக்க வேண்டியவர் யார்? அப்பெயரை ஒவ்வொரு மருந்தகத்திடமும் பங்குப் பேரவைகள் கேட்டுப் பெறட்டும்.